காணாமற்போன அரைக் கிலோ

அத்தியாயம் ஆறு

மார்கிரட் பிள்ளையை மேசைமேல், மைக்குப்பிக்கும் சைக்கிள் பம்புக்கும் நடுவே கிடத்தினாள்.

“இது ஆரின்ரை பிள்ளை எண்டு கண்டுபிடிச்சுத் தாங்கோ,” என்றாள்.

துப்பறிவாளர் அருட்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மொட்டைத் தலை. கன்னத்தில் கறுப்புப் பொட்டு. பிள்ளையும் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

“எங்கை கண்டெடுத்தனீங்கள்?”

“கண்டெடுக்கேல்லை. நான் பெத்தனான்.”

“அப்ப கேஸ் முடிஞ்சுது,” என்றாள் லூர்த்தம்மா, மூலையில் ஒரு ரியூப்புக்கு ஒட்டுப் போட்டபடியே. “அண்ணை, நாங்கள் இவ்வளவு கெதியா முடிச்ச கேஸ் வேறை இல்லை.”

லூர்த்தம்மா அருட்பிரகாசத்தின் உதவியாளர். வெளியே தொங்கும் பலகையில் மேல்வரி ‘தனியார் துப்பறிவகம்’. கீழ்வரி ‘சைக்கிள் ரியூப் ஒட்டப்படும்’. மேல்வரி அவருடையது, கீழ்வரி அவளுடையது. அருட்பிரகாசத்துக்குச் சைக்கிள் ஓட வராது. பெற்றோல் கிடைத்த காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இப்போது ஊரே சைக்கிளில் ஓடுகிறது. துப்பறிவாளர் மட்டும் கரியரில் ஒருபக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து போவார். மிதிப்பது லூர்த்தம்மா. ஒருமுறை கோழிக்கள்ளனைத் துரத்தியபோது மேட்டில் அவர் இறங்கி நடக்க வேண்டி வந்தது. கள்ளன் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

மார்கிரட் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதையைச் சொன்னாள்.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து மானிப்பாயில் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். கணவன் கடலுக்குப் போனால் வர நாட்களாகும். கிழமைக்கு ஒருதரம் பிள்ளையை ஒழுங்கைக் கோடியில் இருக்கும் தாய்சேய் நிலையத்துக்குக் கொண்டுபோய் நிறுப்பாள். நேற்றும் போனாள். அவளுடைய மகன் நாலு கிலோ நானூறு காட்டினான். அடுத்ததாகக் கனகலிங்கம் வாத்தியாரின் மகனை வைத்தார்கள். போன கிழமை நாலு கிலோ நானூறு இருந்த அந்தப் பிள்ளை, நேற்று நாலு கிலோ மட்டும் காட்டியது.

“வாத்தியார் கணக்குப் படிப்பிக்கிறவர்,” என்றாள் மார்கிரட். “என்ரை நானூறு கிராம் எங்கை எண்டு கேட்டார். பிறகு என்ரை மடியைப் பாத்தார். ‘போன கிழமை நாலு நானூறு இருந்தது என்ரை பிள்ளை. இண்டைக்கு நாலு நானூறு இருக்கிறது உன்ரை மடியிலை. பிள்ளை மாறிப்போச்சு’ எண்டார். ரெண்டும் ஆம்பிளைப் பிள்ளை. ரெண்டும் மொட்டை.”

“போன கிழமை உங்கடை பிள்ளை எவ்வளவு?” என்று கேட்டார் அருட்பிரகாசம்.

“நாலு இருநூறு.”

“மாறியிருந்தாலும், இப்ப அவரிட்டை இருக்கிறது உங்கடை பிள்ளை எண்டால், அது இருநூறு மெலிஞ்செல்லோ இருக்கு?” என்றாள் லூர்த்தம்மா.

“அதையும் கேட்டனான். அது உங்கடை பிள்ளையின்ரை பிரச்சினை எண்டு சொல்லிப்போட்டார்.”

“பெத்த தாய்க்குத் தெரியாதோ?”

“அவற்றை மனுசியும் தன்ரை பிள்ளை தன்னட்டைத்தான் இருக்கு எண்டுறா. ‘தாய்மார் ரெண்டு பேரும் கட்சிக்காரர், அவையின்ரை சாட்சி செல்லாது, மிசினுக்குத்தான் கட்சி இல்லை’ எண்டு விதானையாருக்கு மனுக் குடுத்திருக்கிறார். மிசினுக்கு எதிராத் தான் கையெழுத்து வைக்கேலாது எண்டு விதானையாரும் சொல்லிப்போட்டார். இண்டைக்குப் பின்னேரம் நிலையத்திலை வைச்சுப் பிள்ளையளை மாத்தப் போகினம்.”

பிள்ளை மைக்குப்பியை எட்டிப் பிடித்தது. மார்கிரட் அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

அருட்பிரகாசம் எழுந்து தொப்பியைப் போட்டார். “லூர்த்தம்மா, ஒட்டுக் காய்ஞ்சிட்டுதோ?”

“காயேல்லை. ஆனால் நீங்கள் ஏறினால் நல்லா அமரும்.”

---

தாய்சேய் நிலையம் ஒரு பழைய வீட்டின் முன்னறை. அதை நடத்தும் யோசப்பின் என்ற மருத்துவமாது வாசலிலேயே நின்றாள். பிள்ளையை மாற்றிவிட்டாள் என்ற ஊர்ப்பேச்சால் அழுது சிவந்த கண்கள். அவளுடைய கணவன் பேதுரு, றேடியோ திருத்துபவன், தராசுக்குப் பக்கத்தில் நின்று அதன் தூசியை ஊதிக்கொண்டிருந்தான். அது அவன் செய்த தராசு. சவர்க்காரப் பெட்டிப் பலகையில் ஒரு தட்டு, லொறி இருக்கையிலிருந்து கழற்றிய வில்லுச்சுருள், முன்னால் ஒரு கல்குலேட்டரின் சின்னக் கண்ணாடி. பொருளைத் தட்டில் வைத்தால் கண்ணாடியில் நிறை எண்ணாகத் தெரியும். மானிப்பாயில் தானாக எண் காட்டும் தராசு அது ஒன்றுதான். சிலர் அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

“எதையாவது வையுங்கோ,” என்றார் அருட்பிரகாசம்.

லூர்த்தம்மா தன் கைப்பையை வைத்தாள். 2.000.

“இவ்வளவு பாரத்தையோ நான் காவித் திரியிறன்?” என்று பையைத் திறந்து பார்த்தாள். “ஓ, பம்பு.”

யோசப்பின் குசினியிலிருந்து ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்தாள். 3.500. அதற்குமேல் அருட்பிரகாசம் ஒரு தேசிக்காயை வைத்தார். 3.500. இன்னொரு தேசிக்காய். 3.500. லூர்த்தம்மா தேசிக்காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

“இது ஆவியாப் போன தேசிக்காய், அண்ணை.”

செங்கல் 2.500. அரிவாள் 0.500. யோசப்பினின் சப்பாத்துச் சோடி 0.500.

“தங்கச்சி, போன கிழமை பிள்ளையள் என்ன நிறை இருந்தவை? ஞாபகத்திலை வாறதைச் சொல்லும்,” என்று யோசப்பினைக் கேட்டார் அருட்பிரகாசம்.

“மூண்டு எழுநூற்றி இருபது ஒண்டு. நாலு நூற்றிப் பத்து. அஞ்சு முப்பது. ஒவ்வொண்டும் ஒவ்வொரு விதம்.”

“அப்ப இந்தக் கிழமை மட்டும் மானிப்பாயிலை எல்லாச் சாமானும் அரை அரைக் கிலோவாக் காய்க்குது,” என்றார் அருட்பிரகாசம். மெதுவாகப் பேதுருவின் பக்கம் திரும்பினார். “தம்பி, மூடியைக் கழட்டும்.”

பேதுருவின் முகம் மலர்ந்தது. தராசைத் திறந்து காட்டச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மனைவிமேல் பிள்ளைக்களவுப் பழி இருப்பது ஒரு நிமிடம் அவனுக்கு மறந்தே போயிற்று.

உள்ளே இருந்தது மிக எளிமையான ஏற்பாடு. தட்டு கீழே அமரும்போது ஒரு தகர வட்டம் சுழலும். வட்டத்தின் ஓரத்தில் நெருக்கமாகச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு குட்டி விளக்கைத் தாண்டும்போது மறுபக்கம் வெளிச்சம் ஒருதரம் விழும். எத்தனை தரம் விழுந்தது என்று எண்ணினால் அதுதான் நிறை. எண்ணுவதற்கு ஒரு வரிசை மின் ஆளிகள், சுவிச்சுகள் மாதிரி, இருந்தன. முதலாவது ஆளி ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒருதரம் புரளும். அது இரண்டுதரம் புரண்டால் இரண்டாவது ஒருதரம் புரளும். இரண்டாவது இரண்டுதரம் புரண்டால் மூன்றாவது ஒருதரம். இப்படியே போய், வரிசையின் கோடியில் இருக்கும் ஆளி ஒரு பிள்ளையை நிறுத்து முடிப்பதற்குள் ஒருதரம் புரண்டால் பெரிய காரியம்.

“உந்த ஆளியள் சும்மா நிக்கேக்கை பற்றறியைத் தின்னாது,” என்றான் பேதுரு. “புரளேக்கைதான் தின்னும்.”

அருட்பிரகாசம் கண்களை மூடிக் கணக்குப் போட்டார். “அப்பிடியெண்டால் முதலாவது ஆளி மட்டுமே பாதிப் பற்றறியைத் திண்டுபோடுமே. அடுத்தது காற்பங்கு.”

“திண்டுபோடும். அவ்வளவும் திண்டு அது சொல்லுறது என்ன? கடைசிச் சில்லறைக் கிராமை.”

“கந்தோர் மாதிரி,” என்றாள் லூர்த்தம்மா. “பியோன் விடியத் தொடங்கி ஓடி ஓடித் தேத்தண்ணி குடிப்பான். பெரியவர் நாளுக்கு ஒருக்கா எழும்பிக் கையெழுத்து வைப்பார். ஆனால் பேர் பெரியவருக்கு.”

“அதுதான், அக்கா. பற்றறி சோர்ந்துபோனால் நான் பியோன்மாருக்கு லீவு குடுத்திடுவன்.”

வட்டத்தின் உட்பக்கத்தில் இன்னொரு துளை வரிசை இருந்தது. அரைக் கிலோவுக்கு ஒரு துளை. பற்றறியின் பலம் குறைந்ததும் ஓரத்துத் துளைகளின் விளக்கு அணைந்துவிடும். சின்ன ஆளிகள் உறங்கிவிடும். உள்வரிசை நேரே பெரிய ஆளிகளோடு கதைக்கும். சில்லறை போய்விடும், ஆனால் தராசு சாகாது. பற்றறி வரத் தடை உள்ள ஊரில், சாகப்போகும் பற்றறியை மாதக்கணக்கில் வேலை வாங்க அவன் கண்டுபிடித்த வழி இது. ஒரு தட்டுத் துல்லியத்தை விற்று ஒரு கூடை மின்சாரம் வாங்குகிற மாதிரி.

“செத்துப்போன தராசை விட, அரைக் கிலோவிலையாவது கதைக்கிற தராசு நல்லந்தானே?”

“நல்லந்தான். நான் கனகாலத்துக்குப் பிறகு கண்ட நல்ல வேலை,” என்றார் அருட்பிரகாசம். மனதாரத்தான் சொன்னார். “ஆனால் தம்பி, நாலு கிலோவுக்குப் பிறகு மூண்டு பூச்சியம் நிக்குதே. அது ஆர் அளந்த பூச்சியம்?”

பேதுரு தலையைச் சொறிந்தான். “ஒருத்தரும் அளக்கேல்லை. முதல் அந்த இடத்தை வெறுமையா விட்டனான். சனம் மிசின் பழுது எண்டு சொல்லிப்போட்டுது. பூச்சியம் போட்டன். பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

யோசப்பின் கணவனைப் பார்த்தாள். “உந்தப் பூச்சியத்தாலை ஊரிலை எனக்குப் பிள்ளைப்பிடிகாரி எண்டு பேர்.”

“ஒருத்தரும் கேக்கேல்லை எண்டுதான்...”

“நான் உம்மோடை பிறகு கதைக்கிறன்.”

“அப்ப கேஸ் முடிஞ்சுது,” என்றாள் லூர்த்தம்மா. “வாத்தியாரின்ரை பிள்ளை நாலு கிலோ இல்லை. நாலுக்கும் நாலரைக்கும் இடையிலை எங்கையோ கிடக்கு. போவமோ?”

“இன்னும் இல்லை,” என்றார் அருட்பிரகாசம். “மார்கிரட்டின்ரை பிள்ளை நாலு நானூறு காட்டினது. நானூறு அரைக் கிலோக் கணக்கிலை வராது. அப்ப அந்த நேரம் பியோன்மார் வேலையிலை நிண்டிருக்கினம். அடுத்த பிள்ளைக்கு எல்லாரும் லீவு. பற்றறி ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையிலை செத்துப்போகுமோ, தம்பி?”

“போகாது. அது நல்ல பற்றறி. ஆறு மாதம் வைச்சுக் காப்பாத்தினது. அடியிலை சிவப்பு மையாலை பொட்டு வைச்சிருக்கிறன்.” பேதுரு பற்றறிகளை வெளியே எடுத்தான். நாலையும் கவிழ்த்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது. “இது என்ரை இல்லை.”

அருட்பிரகாசம் அவற்றை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

யாழ்ப்பாணத்தில் அந்நாட்களில் செத்த பற்றறியை எவரும் எறிவதில்லை. ஓட்டில் வைத்து வெயிலில் காயவிடுவார்கள். சூட்டுச் சாம்பலில் புதைப்பார்கள். ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் ஊற்றி, துளையை அடைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வைத்தியம்; அதனால் ஒரு பற்றறியைப் பார்த்தே அது எந்த வீட்டில் கிடந்தது என்று ஓரளவு சொல்லலாம். கடல்தொழில் செய்பவர்கள் தார் வைத்து அடைப்பார்கள். தோட்டக்காரர் முருங்கைப் பிசின். லூர்த்தம்மா ரியூப் ஒட்டும் பசையால் அடைப்பாள். அவள் ரோச் லைற் சைக்கிள் ரியூப் மாதிரியே மணக்கும்.

இந்தப் பற்றறிகளில் ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று துளைகள். மூன்றுக்கும் இடையில் ஒரே தூரம். நடுவில் ஊசி குத்திய மெல்லிய புள்ளி. அதைச் சுற்றி, தலைமயிர் அளவு மெல்லியதாக ஒரு வட்டக் கீறு. மூன்று துளைகளும் அந்தக் கீறின் மேலேயே இருந்தன.

“லூர்த்தம்மா, இது என்ன?”

லூர்த்தம்மா எட்டிப் பார்த்தாள். “சமபக்க முக்கோணம்.”

“செத்த பற்றறிக்குக் கவராயம் வைச்சு வட்டம் கீறி, சமபக்க முக்கோணம் போட்டு உப்புத்தண்ணி குடுக்கிற ஆள் மானிப்பாயிலை எத்தினை பேர்?”

லூர்த்தம்மா பம்பைப் பைக்குள் போட்டாள். “ஏறுங்கோ, அண்ணை.”

---

கனகலிங்கம் வாத்தியாரின் வீட்டுச் சுவரில் ஒரு தெய்வப்படமும் பிள்ளையின் வளர்ச்சிக்கு ஒரு வரைபுத் தாளும் தொங்கின. தாள் படத்தைவிடப் பெரியது. நீலக்கோடு கிழமைக்குக் கிழமை ஒழுங்காக ஏறி, கடைசியில் கிணற்றில் விழுந்தது போல இறங்கியிருந்தது. வாத்தியார் அதைக் குச்சியால் தொட்டுக் காட்டினார்.

“இது என்ரை பிள்ளையின்ரை கோடு. இப்பிடி விழ நியாயம் இல்லை. கோடு விழாது, பிள்ளைதான் மாறியிருக்கவேணும்.”

அவருடைய மனைவி தையல்நாயகி ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள். “மூக்கைப் பாருங்கோ, அப்பிடியே உங்கடை மூக்கு,” என்றாள் அலுத்துப்போன குரலில். எத்தனையாவது தரமாகச் சொல்கிறாளோ.

“மூக்கு ஒரு அளவீடு இல்லை.”

அருட்பிரகாசம் கதிரையில் அமர்ந்தார். பற்றறியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நெற்றியைத் துடைத்தார். “வெக்கை. நேற்றுக் கிரிக்கெட் மச் என்ன மாதிரி முடிஞ்சுதோ தெரியாது. இந்த ஊரிலை கேக்கவும் வழியில்லை.”

வாத்தியாரின் கண்கள் ஒளிர்ந்தன. “அதை ஏன் கேக்கிறியள். மழை குழப்பி, கடைசி ஓவரிலை எல்லோ. தொடக்க ஆட்டக்காரன் போன உடனை எல்லாரும் கை விட்டிட்டினம். பிறகு அந்த இடக்கைக்காரன் வந்து நிண்டான் பாருங்கோ. ரெண்டு ஓட்டம் எடுக்கவேணும், ஒரு பந்து கிடக்கு. வர்ணனைக்காரனுக்கே குரல் அடைச்சுப்போச்சு...”

அங்கே நிறுத்தினார்.

“குரல் அடைச்சது உங்களுக்கு எப்பிடிக் கேட்டது, வாத்தியார்?” என்றாள் லூர்த்தம்மா. “ஊரிலை ஒரு றேடியோவும் கதைக்கேல்லையே.”

“டைனமோ,” என்றார் வாத்தியார் உடனே. “சைக்கிளை நிப்பாட்டி மிதிச்சு...”

“ஆர் மிதிச்சது?” ஏணை நின்றது. தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள். “கலியாணம் கட்டின நாள் தொடங்கி உங்கடை மச்சுக்கு நான்தான் மிதிச்சனான். வயித்திலை பிள்ளை வந்தாப்பிறகு அந்தச் சைக்கிள் அசையேல்லை. கோழி முட்டை இடுறது அதின்ரை சீற்றிலை.”

லூர்த்தம்மா அலுமாரிமேல் துவாயால் மூடியிருந்த பொருளை எடுத்தாள். றேடியோ. பின்மூடியைத் திறந்து பற்றறிகளைக் கவிழ்த்தாள். நாலிலும் அடியில் சிவப்புப் பொட்டு.

கனகலிங்கம் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதைக் களவு எண்டு சொல்லேலாது. மாற்றீடு. நாலு எடுத்தன், நாலு வைச்சன். ரெண்டு பக்கமும் சமன். யோசப்பின் சுடுதண்ணி பாக்கப் போனா, தாய்மார் வாசலிலை நிண்டினம். மச் தொடங்கிற நேரம். வைச்சுப் பாத்தன், தராசிலை எழுத்து வடிவாத் தெரிஞ்சுது. பிறகென்ன?”

“பிறகு உங்கடை பிள்ளையை அதிலை வைச்சியள்,” என்றார் அருட்பிரகாசம்.

“ஓம்.”

“நீங்களே சாகடிச்ச தராசிலை நிறுத்துப்போட்டு, பிள்ளை மாறிப்போச்சு எண்டு மனுக் குடுத்தியள். வாத்தியார், அந்த அறையிலை மாறினது பற்றறி மட்டுந்தான்.”

அருட்பிரகாசம் ஆளிகளையும் பியோன்மாரையும் பற்றி விளக்கினார். வாத்தியார் கேட்டார். வெட்கப்பட வேண்டிய இடத்தில் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. இரண்டு கேள்விகளும் கேட்டார். கடைசியில் விரலை உயர்த்தினார்.

“இது ஒரு கருதுகோள். நிறுவவேணும். நல்ல பற்றறியைப் போட்டு, விதானையாருக்கு முன்னாலை திரும்ப நிறுங்கோ. நாலு நானூறுக்கு மேலை காட்டினால் மனுவைக் கிழிக்கிறன். இல்லையெண்டால் பிள்ளையை மாத்துவம்.”

“நல்ல நியாயம்,” என்றார் அருட்பிரகாசம். தொப்பியை எடுத்தபோது அவருக்கு ஒரு சின்னச் சந்தேகம் எழுந்தது. “வாத்தியார், மச் முழுக்கக் கேட்டியளோ?”

“முதல் பந்திலையிருந்து. பிறகு இரவு செய்தி. பிறகு மறுஒலிபரப்பு.”

லூர்த்தம்மா அருட்பிரகாசத்தைப் பார்த்தாள். அவர் கரியரில் ஏறினார்.

---

கிராம அதிகாரியான விதானையார் சந்தியோகு வாங்கில் உட்கார்ந்து பேனையைத் திறந்து வைத்திருந்தார். மனு அவர் முழங்காலில். வாசலில் தாய்மார் கூடி நின்றார்கள். மார்கிரட் சுவரோடு ஒட்டிப் பிள்ளையை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தாள்; யாராவது அருகே வந்தால் ஒரு அடி பக்கமாக நகர்ந்தாள்.

பேதுரு சிவப்புப் பொட்டுப் பற்றறிகளைப் போட்டான். தையல்நாயகி பிள்ளையைத் தட்டில் கிடத்தினாள். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

4.000.

“பாத்தியளோ,” என்றார் வாத்தியார்.

பேதுரு தராசின் பக்கவாட்டில் தட்டினான். 4.000. பற்றறியை எடுத்து உள்ளங்கையில் உருட்டித் திரும்பப் போட்டான். 4.000. ஒரு முழு மச்சையும் ஒரு மறுஒலிபரப்பையும் கேட்ட பற்றறிகளுக்குப் பியோன்மாருக்குச் சம்பளம் கொடுக்கப் பலம் இல்லை.

“வேறை பற்றறி?” என்று மெதுவாகக் கேட்டார் அருட்பிரகாசம்.

“இந்த ஊரிலையோ?” என்றான் பேதுரு.

விதானையார் பேனையை எடுத்தார். “எனக்கும் மனவருத்தந்தான். ஆனால் மிசின் ரெண்டாந்தரமும் அதைத்தான் சொல்லுது.”

மார்கிரட் அழவில்லை. “வாங்கோ,” என்றாள். “ஆர் முதல் வந்து தொடுறியள் எண்டு பாப்பம்.” வாசலில் நின்ற தாய்மார் இரண்டு பேர் அவளுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

அருட்பிரகாசம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் தகர வட்டத்தின் உள்வரிசைத் துளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அரைக் கிலோவுக்கு ஒரு துளை. அடுத்த துளை விளக்குக்கு மிக அருகில், ஒரு நூல் தள்ளி நின்றது.

“லூர்த்தம்மா, சங்கக்கடையிலை நிறைப் படி இருக்கும். ஆகச் சின்னதை வாங்கிக்கொண்டு வா.”

“எவ்வளவு சின்னன்?”

“ஐம்பது கிராம்.”

“பெரிய படி பிள்ளையின்ரை காலிலை விழுந்துபோடுமோ எண்டு பயமோ?” என்றபடி அவள் ஓடினாள். சங்கக்கடை முகாமையாளர் தன் படியைப் பிரிய மனமில்லாமல் கூடவே வந்தார்.

“விதானையார், கொஞ்சம் பொறுங்கோ,” என்றார் அருட்பிரகாசம். “இந்தத் தராசுக்கு இப்ப அரைக் கிலோ மட்டுந்தான் தெரியும். ஆனால் நாலரை எப்ப வருது எண்டு அதுக்கு வடிவாத் தெரியும். அதிலை அது பிழை விடாது. அப்ப நாங்கள் பிள்ளையோடை படியைச் சேத்து வைப்பம். பிள்ளை உண்மையிலை நாலு கிலோ எண்டால், நாலரை காட்ட எத்தினை படி வேணும், வாத்தியார்?”

“ஐம்பது கிராமெண்டால் பத்து.”

“இது ஒண்டுதான் எங்களிட்டை இருக்கு.”

அவர் அந்தப் பித்தளைப் படியை, பிள்ளையின் காலடியில், தூங்கும் பூனைக்குப் பக்கத்தில் பாலை வைப்பது போல மெல்ல வைத்தார்.

கண்ணாடி ஒருதரம் மினுங்கியது.

4.500.

சங்கக்கடை முகாமையாளர் தன் படி அரைக் கிலோவாகிவிட்டதே என்ற திகிலோடு அதைப் பார்த்தார். அருட்பிரகாசம் படியை எடுத்தார்: 4.000. வைத்தார்: 4.500.

“ஐம்பது கிராமாலை நாலரைக்குப் போச்சு,” என்றார் வாத்தியார் மெதுவாக, தனக்குத்தானே. உதடுகள் அசைந்தன. “அப்ப பிள்ளை... நாலு நானூற்றைம்பதுக்குக் குறையேலாது. போன கிழமையை விட ஐம்பதாவது கூட.” சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார். “கோடு விழேல்லை. கோடு ஏறியிருக்கு.”

விதானையார் மனுவை இரண்டாகக் கிழித்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று நாலாக.

மார்கிரட் இன்னும் சுவரோடுதான் நின்றாள். பிள்ளையின் மொட்டைத் தலையில் முகத்தை வைத்தாள். பிறகு யோசப்பினிடம் வந்தாள்.

“வாற கிழமையும் கொண்டாறன், அக்கா. ஆனால் நான் பிள்ளையை இறக்க முதல், உந்த வாத்தியாரின்ரை பையைச் சோதியுங்கோ.”

“நான் வாசலிலேயே சோதிக்கிறன்,” என்றாள் யோசப்பின்.

பேதுரு அதற்குள் ஒரு சின்ன விளக்கைத் தராசின் நெற்றியில் பொருத்தி, பியோன்மார் லீவில் போனால் அது எரியும் என்று யாரும் கேட்காமலே விளங்கப்படுத்தத் தொடங்கியிருந்தான். அந்த விளக்கு எவ்வளவு பற்றறி தின்னும் என்று யோசப்பின் கேட்டபோது பேச்சை மாற்றினான்.

தையல்நாயகி பிள்ளையைத் தட்டிலிருந்து தூக்கினாள். கணவன் வரைபுத் தாளுக்காகப் பையைத் துழாவுவதைப் பார்த்தாள். பிள்ளையை அவருடைய கைகளில் வைத்தாள். அவருக்கு எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. தலைக்கு ஒரு கை, காலுக்கு ஒரு கை என்று தாங்கினார். இந்த மகனைப் பற்றி அவர் ஒரு சுவர் நிறையக் கோடு கீறியிருந்தார். தூக்கியது இதுதான் முதல்தரம் என்பது அவர் முழங்கை நின்ற விதத்திலேயே தெரிந்தது.

“சொல்லுங்கோ,” என்றாள் தையல்நாயகி. “எவ்வளவு?”

வாத்தியார் பிள்ளையைப் பார்த்தார். மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாரந்தான்,” என்றார். “நல்ல பாரம்.”

அந்த நேரம் அவருடைய வெள்ளை வேட்டியில் ஒரு சூடு பரவி, முழங்கால் வழியாகச் சீமெந்துத் தரைக்கு வழிந்தது. அவர் அசையவில்லை. பிள்ளையை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தார்.

லூர்த்தம்மா குனிந்து தரையைப் பார்த்தாள்.

“இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கும், வாத்தியார்,” என்றாள். “குறிக்கேக்கை அதையும் கழிச்சுப் போடுங்கோ.”